நெல் ரகம் தேடும் தொடுதிரை: பெயர் தெரியாதவருக்கும் வழி இருக்கிறதா?

குறுவைக்கு (ஜூனில் தொடங்கும் குறுகிய கால நெல் பருவம்) என்ன ரகம் போடலாம் என்று கேட்டால் ஒரே ஒரு பெயரைச் சொல்லி முடித்துக்கொள்ளும் செயலிகள் நிறைய வந்துவிட்டன. இங்கே பார்க்கப்போவது அந்த வகை இல்லை. டெல்டாவில் விதை நெல் விற்கும் ஒரு நிலையத்தில் வைத்திருக்கும் தொடுதிரை இது. அதே பக்கம் கைபேசியிலும் திறக்கிறது. இன்னும் சோதனை ஓட்டத்தில் இருப்பதால் பெயரைக் குறிப்பிடவில்லை. ரகம், பூச்சி நோய், உரம் என மூன்று பகுதிகள். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: ரகப் பகுதி, தமிழில் இதுபோன்ற ஒரு தேடல் எப்படி இருக்க வேண்டுமோ ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. பூச்சி நோய்ப் பகுதி பெயர் தெரிந்தவருக்கு மட்டுமே உதவும். உரப் பகுதி பிடிஎஃப் கோப்புகளின் அடுக்கு. அதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

தேடுவது என்பது ஒரே வேலை இல்லை. ‘ஏடிடி 45-க்கு வயசு எத்தனை?’ என்பது ஒரு கேள்வி. விதைப்பிலிருந்து அறுவடை வரை 110 நாள் என்று வந்தால் வேலை முடிந்தது. ‘எங்க வயலுக்கு இந்த வருஷம் என்ன போடலாம்?’ என்பது வேறு. கேட்பவருக்கே தன் கேள்வி முழுசாகத் தெரியாது. தண்ணீர் எப்போது வந்து சேரும், அறுவடை மழையில் மாட்டுமா, பள்ளக்காலா மேடா, அரிசியை யார் வாங்குவார்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கும்போதுதான் கேள்வி உருவாகிறது. அமெரிக்கப் பேராசிரியர் கேரி மார்ச்சியோனினி 2006-இல் எழுதிய கட்டுரையில் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். தெரிந்ததை எடுப்பது ஒன்று, கற்றுக்கொள்வது ஒன்று, துருவி ஆராய்வது ஒன்று. முதலாவதற்கு ஒரு பெட்டியும் ஒரு பதிலும் போதும். மற்ற இரண்டுக்கும், என்னவெல்லாம் இருக்கிறது என்பதைத் திரையே முதலில் விரித்துக் காட்ட வேண்டும்.

ரகப் பகுதி அதைத்தான் செய்கிறது. திறந்ததும் மேலே தேடல் பெட்டி, அதன் கீழே ஐந்து வரிசைகள்: பட்டம் (அதாவது சாகுபடிப் பருவம்), வயது, நிலம், அரிசி, தாங்கும் திறன். ஒவ்வொரு வரிசையிலும் தொடக்கூடிய சொற்கள், பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு எத்தனை ரகம் இருக்கிறது என்ற எண். ‘குறுவை’யைத் தொட்டால் மற்ற நான்கு வரிசைகளின் எண்களும் உடனே மாறுகின்றன. வயது வரிசையில் ‘150 நாளுக்கு மேல்’ என்பது பூஜ்யமாகி மங்கிவிடுகிறது. ஆனால் மறைவதில்லை. இது முக்கியமான முடிவு. மறைத்துவிட்டால் அப்படி ஒரு வகை இருப்பதே பார்ப்பவருக்குத் தெரியாது. மங்கலாக நின்றால், நீண்ட வயது ரகம் குறுவைக்கு ஆகாது என்பதை யாரும் சொல்லாமலே ஒருவர் புரிந்துகொள்வார். புதிதாக விவசாயத்துக்கு வரும் இளைஞர்களுக்கு இந்த ஒரு திரையே பாதிப் பாடம்.

ஒரே வரிசையில் இரண்டைத் தொட்டால் பட்டியல் விரிகிறது, வேறு வேறு வரிசையில் தொட்டால் சுருங்குகிறது. அரிசியின் பருமனைக் குறிக்கும் ‘சன்னம்’, ‘மத்திய சன்னம்’ இரண்டையும் தொட்டால் இரண்டில் எது இருந்தாலும் வரும். அதோடு ‘வெள்ளம் தாங்கும்’ என்பதையும் தொட்டால் அது கட்டாயமாகிவிடும். மனிதர்கள் இயல்பாக எதிர்பார்ப்பது இதைத்தான். இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, ஒரு ரகம் சன்னமாகவும் மத்திய சன்னமாகவும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும் என்று கேட்கும் பக்கங்கள் எத்தனையோ உண்டு. அங்கே இரண்டாவது தொடுதலிலேயே ‘முடிவுகள் இல்லை’ என்று வந்து நிற்கும். இங்கே அப்படி இல்லை. தொட்டவை எல்லாம் மேலே வரிசையாக நிற்கின்றன. வேண்டாததை மட்டும் நீக்கலாம், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை.

இந்த முறைக்கு மூலவர் வெளிநாட்டுக்காரர் இல்லை. நூலக இயலில் ஒரு பொருளைப் பல முகங்களாகப் பிரித்து, வேண்டியபடி சேர்த்துக்கொள்ளும் வகைப்பாட்டைக் கொண்டுவந்த சீ.இரா. அரங்கநாதன் 1892-இல் சீர்காழியில் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக 1924-இல் பொறுப்பேற்று, பயிற்சிக்காக லண்டன் போனபோது கடை ஒன்றில் மெக்கானோ விளையாட்டுத் துண்டுகளைப் பார்த்தார். ஒரே துண்டுகளை மாற்றி மாற்றிச் சேர்த்துப் பல பொம்மைகள் செய்வதைக் கண்டு, நூல்களின் பொருளையும் அப்படித் துண்டுகளாக்கிச் சேர்க்கலாமே என்று யோசித்ததில் பிறந்ததுதான் 1933-இல் வெளியான கோலன் வகைப்பாடு. இன்று இணையக் கடைகளில் விலை, அளவு, நிறம் என்று இடது ஓரத்தில் நிற்கும் வடிகட்டிகள் எல்லாம் அந்த எண்ணத்தின் வழி வந்தவையே. எதைப் பற்றியது, எதனால் ஆனது, என்ன வேலை, எந்த இடம், எந்தக் காலம் என்று ஐந்து முகங்களை அவர் வகுத்தார். இந்தத் திரையில் காலம் பட்டமாகவும் வயதாகவும் இருக்கிறது, இடம் பாதி இருக்கிறது. வேலை என்ற முகமே இல்லை. நாற்று நடவா, நேரடி விதைப்பா, ஒற்றை நாற்று நடவா என்று கேட்க வழியில்லை. அது பெரிய குறை. ரகத்தின் வயது விதைத்த நாளிலிருந்து கணக்கு, நட்ட நாளிலிருந்து அல்ல. நேரடியாக விதைத்தால் நாற்றுப் பிடுங்கி நடும் அதிர்ச்சி இல்லாததால் ஒரு வாரம் பத்து நாள் முன்னதாகவே கதிர் முற்றும். விதையளவும் மாறும். ஒற்றை நாற்று நடவில் ஏக்கருக்கு 3 கிலோ விதை போதும் என்ற இடத்தில் திரை 24 கிலோ என்று காட்டுகிறது.

விதைப்பு நாள் பட்டை

ரகப் பகுதியில் மிகவும் பிடித்தது, கீழே இருக்கும் நாள் பட்டை. விதைக்கும் நாளை விரலால் நகர்த்தினால், பட்டியலில் உள்ள ஒவ்வொரு ரகத்தின் அறுவடை நாளும் நகர்கிறது. பட்டையில் இரண்டு கோடுகள் போட்டிருக்கிறார்கள். ஒன்று அக்டோபர் 20, வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்கும் நாள். இன்னொன்று ஜனவரி 28, மேட்டூர் அணையை வழக்கமாக மூடும் நாள்.

ஜூன் 15-இல் 110 நாள் ரகம் விதைத்தால் அக்டோபர் 3-இல் அறுவடை. மழைக் கோட்டுக்கு முன்னால் பச்சையாக நிற்கிறது. அதையே ஜூலை 10-க்கு நகர்த்தினால் அக்டோபர் 28. கோட்டைத் தாண்டிச் சிவப்பாகிறது. குறுவையைத் தள்ளிப் போடுவதில் என்ன ஆபத்து என்று அரைப் பக்கம் எழுதுவதைவிட இந்த ஒரு நகர்த்தல் நன்றாகச் சொல்லிவிடுகிறது. ஆகஸ்டில் தொடங்கும் நீண்ட கால சம்பாவுக்கும் அப்படியே. ஆகஸ்ட் 20-இல் 155 நாள் ரகம் என்றால் ஜனவரி 22. தண்ணீர் இருக்கும்போதே முடிகிறது. செப்டம்பர் 15-க்குத் தள்ளினால் பிப்ரவரி 17 ஆகிவிடுகிறது, கடைசி மூன்று வாரம் அணைத் தண்ணீர் இல்லை. அதே செப்டம்பர் 15-இல் 135 நாள் ரகம் போட்டால் சரியாக ஜனவரி 28. தாளடிக்கு, அதாவது குறுவை அறுத்த வயலில் அடுத்துப் போடும் நெல்லுக்கு, ஏன் மத்திய வயது ரகம் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடைக்காது.

இதில் திருத்த வேண்டியது ஒன்று. பட்டை ஜூன் 12-இல் நிற்கிறது, அதாவது மேட்டூர் திறக்கும் வழக்கமான நாளில். கல்லணை திறப்பது அதற்குப் பிறகு. வேதாரண்யம், தலைஞாயிறு போன்ற கடைமடைப் பகுதிகளுக்குத் தண்ணீர் வந்து சேர இன்னும் நாளாகும். மேட்டூரில் நீர்மட்டம் குறைவாக இருக்கும் ஆண்டுகளில் திறப்பே தள்ளிப்போகும். போர் (ஆழ்துளைக் கிணறு) வைத்திருப்பவருக்கு அணைக் கணக்கே தேவையில்லை. எனவே ‘உங்கள் வாய்க்காலில் தண்ணீர் எப்போது வரும்?’, ‘போர் இருக்கிறதா?’ என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டு அதற்கேற்பப் பட்டையை நிறுத்த வேண்டும். இப்போது திருவையாற்றுக்காரருக்கும் கோடியக்கரைக்காரருக்கும் ஒரே தொடக்க நாள் வருகிறது.

ஒரே சொல்லில் அடைத்த பண்புகள்

தாங்கும் திறன் என்ற வரிசையில்தான் திரை தவறாகக் கற்றுக்கொடுக்கும் அபாயம் இருக்கிறது. ‘வெள்ளம் தாங்கும்’ என்று தொட்டால் சிஆர் 1009 சப் 1 வருகிறது. சரிதான். சப் 1 மரபணு உள்ள பயிர் முழுகிக் கிடந்தாலும் ஏறத்தாழ இரண்டு வாரம் தாங்கி, தண்ணீர் வடிந்ததும் மறுபடி தழைக்கும். ஆனால் அது தூர் கட்டும் பருவத்தில். பூக்கும் நேரத்தில் தண்ணீர் ஏறி நின்றால் சப் 1 காப்பாற்றாது. இந்த ஒரு வரி திரையில் இல்லை. இதை நம்பி விதை வாங்குபவர், கதிர் வரும்போது பயிர் முழுகினால் ரகத்தைத்தான் குறை சொல்வார்.

‘உப்பு தாங்கும்’ என்பது இன்னும் மோசம். களரும் உவரும் ஒன்றல்ல. களர் நிலத்தில் சோடியம் மண்ணோடு ஒட்டியிருக்கும், கார அமில நிலை 8.5-க்கு மேல் போகும், தண்ணீர் இறங்காமல் தேங்கும். ஜிப்சம் போட்டு வடிகால் செய்தால் சரியாகும். உவர் நிலத்தில் உப்பே கரைந்து கிடக்கும், மின்கடத்தும் திறன் 4-க்கு மேல் இருக்கும். நல்ல தண்ணீர் விட்டு அலசி வடிப்பதுதான் வழி. ஜிப்சத்தால் பலனில்லை. நாகப்பட்டினம் கடலோரத்தில் உவர், திருச்சிப் பக்கத்தில் களர். திருச்சி ரகங்களான டிஆர்ஒய் வரிசை முதன்மையாகக் களர் நிலத்தை மனதில் வைத்து உருவானவை. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் கடலோர விவசாயிக்குத் தவறான ரகமும் கிடைக்கும், தவறான எண்ணமும் பதியும். ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் ஒரு சிறு கேள்விக்குறி வைத்து, தொட்டால் இரண்டு வரி விளக்கம் வரும்படி செய்தால் போதும். ஏற்கெனவே ‘சன்னம்’ என்ற சொல்லுக்கு அப்படி வைத்திருக்கிறார்கள். மற்ற சொற்களுக்கும் எழுத வேண்டும்.

ஒப்பிடும் அட்டவணையைப் பற்றி ஒரு சொல். மூன்று ரகம் வரை தேர்ந்தெடுத்து அருகருகே பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் பொதுவானவை மங்கலாகவும் வேறுபடுபவை அழுத்தமாகவும் வருகின்றன. ஏடிடி 43, ஏடிடி 45, கோ 51 மூன்றையும் வைத்துப் பார்த்தால் வயதில் பெரிய வித்தியாசம் இல்லை, முடிவெடுக்க வேண்டியது அரிசியின் தன்மையிலும் நோய் எதிர்ப்பிலும்தான் என்று கண் தானாகவே அங்கே போகிறது. நான்காவது ரகத்தைச் சேர்க்க விடாதது சரி. கைபேசித் திரையில் மூன்றுக்கு மேல் படிக்க முடியாது.

தமிழில் தட்டச்சு செய்தால்

பெயர் தெரிந்து தேடுபவருக்குப் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். தமிழ்த் தேடல்கள் பெரும்பாலும் விழுவது இங்கேதான்.

சிஆர் 1009 என்று கடையில் யாரும் கேட்பதில்லை. ‘ஆயிரத்தொம்பது’ என்பார்கள், ‘பொன்மணி’ என்பார்கள். மூன்றையும் இந்தப் பெட்டி ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறது. ஏடிடி 45, ஆடுதுறை 45, ஏ.டி.டி. 45, ஆங்கில எழுத்தில் அடித்தது எல்லாமே ஒரே இடத்துக்குப் போகின்றன. சீரகச் சம்பா, சீரகசம்பா, சீரக சம்பா மூன்றும் சரி. ஒற்று விட்டாலும் சேர்த்து எழுதினாலும் கண்டுபிடிக்கிறது. தேடிய பெயர் வேறாக இருந்தால் முடிவின் மேலே ‘பொன்மணி என்பது சிஆர் 1009’ என்று காட்டுவது இன்னும் நல்லது. அடுத்த முறை விதைப் பையில் எந்தப் பெயர் அச்சாகியிருந்தாலும் அவருக்குத் தெரியும்.

விழுவது கவுனியில். ‘கவுனி’ என்று அடித்தால் கருப்புக் கவுனி வருகிறது. ‘கௌனி’ என்றாலும் வருகிறது. ஆனால் பல கைபேசி விசைப்பலகைகளில் ஔகாரக் குறி கைக்குச் சுலபமாகக் கிடைக்காததால், பலர் ஒற்றைக் கொம்போடு ளகரத்தை அடித்துவிடுகிறார்கள். திரையில் பார்க்க இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான். உள்ளே எழுத்துக் குறியீடு வேறு. பெட்டிக்கு அது ‘கெளனி’, அப்படி ஒரு நெல் இல்லை. ‘கொ’ போன்ற எழுத்துகளில் வரும் சிக்கல் வேறு: ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் போடலாம், ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் போடலாம். யூனிகோடின் வழக்கமான சீராக்கம் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடும், அதை இங்கே செய்திருக்கிறார்கள். ளகரச் சிக்கலை அந்தச் சீராக்கம் தொடாது, தனி விதி எழுத வேண்டும். ஒற்றைக் கொம்பு ஏறிய மெய்க்குப் பின் ளகரம் வந்தால் ஔகாரமாகவும் தேடிப் பார் என்று ஒரே வரி. ஆனால் அந்த ளகரத்துக்கு மேலே புள்ளியோ வேறு உயிர்க்குறியோ இருந்தால் மாற்றக் கூடாது. இல்லாவிட்டால் ‘வெள்ளம்’ என்ற சொல்லே சிதைந்துவிடும்.

வேற்றுமை உருபுகளை வெட்டுவதிலும் கவனம் வேண்டும். ‘நெல்லுக்கு’, ‘நெல்லில்’ எல்லாம் நெல்லுக்குப் போவது சரி. ‘நெல்லை’யையும் அப்படியே வெட்டிவிட்டதால், ‘நெல்லை மாவட்டம்’ என்று அடித்தவருக்கு எல்லா நெல் ரகமும் கொட்டுகிறது. ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருக்கும்போது பெட்டி தானாக ஒன்றை முடிவு செய்யாமல், ‘நெல் பயிரா, திருநெல்வேலியா?’ என்று கேட்டுவிட்டால் போதும்.

குரல் தேடலும் உண்டு. ‘ஏடிடி நாப்பத்தஞ்சு’ என்று தஞ்சாவூர்ப் பேச்சில் சொன்னால் 45 என்று எடுத்துக்கொள்கிறது. கடையில் நாலு பேர் பேசிக்கொண்டிருந்தால் தடுமாறுகிறது.

பூச்சி நோய்ப் பகுதி

இங்கே வந்ததும் திரை வேறு ஆளாகிவிடுகிறது. ஒரு பெட்டி, கீழே அகர வரிசையில் பூச்சி நோய்ப் பெயர்கள். ‘துங்ரோ’ என்ற நோய்ப் பெயர் தெரிந்தால் துங்ரோவுக்குப் போகலாம். வயலில் நிற்பவருக்குத் தெரிவது பெயர் இல்லை, அடையாளம். ‘இலை மஞ்சளாகுது’ என்று அடித்தால் ‘முடிவுகள் இல்லை’ என்று வருகிறது. நெல்லில் மிகவும் அதிகமாகக் கேட்கப்படும் கேள்விகளில் ஒன்றுக்கு, உள்ளே குறைந்தது ஐந்து பக்கம் பதில் இருந்தும், வெறும் வெள்ளைத் திரை.

இதைச் சரிசெய்ய மூன்று கேள்வி போதும். பழைய இலையா, புது இலையா? நுனியிலா, ஓரத்திலா, இலை முழுக்கவா? வயல் முழுக்கவா, திட்டுத் திட்டாகவா? அடி இலைகள் முழுவதும் ஒரே சீராக மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம். புதுக் குருத்து வெளிறினால் இரும்புச்சத்தைப் பார்க்க வேண்டும். நட்ட இரண்டு மூன்று வாரத்தில் அடி இலைகளில் துருப் பிடித்தது போன்ற பழுப்புப் புள்ளிகள் வந்து வளர்ச்சி நின்றால் துத்தநாகக் குறை. நுனியிலிருந்து ஆரஞ்சு மஞ்சளாகிப் பயிர் குட்டையானால் துங்ரோ, பச்சைத் தத்துப்பூச்சி இருக்கிறதா என்று தேட வேண்டும். இலை ஓரத்தில் அலை அலையாக வைக்கோல் நிறம் இறங்கினால் பாக்டீரியா இலைக்கருகல். வட்ட வட்டமாகத் திட்டு விழுந்து காய்ந்தால் தூரடியைப் பிரித்துப் புகையான் பூச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு மூன்று படம், தொட்டதும் பட்டியல் சுருங்க வேண்டும். ரகப் பகுதிக்கு எழுதிய அதே நிரலை இங்கே பயன்படுத்தலாம். முகங்கள்தான் வேறு: பயிரின் பருவம், பாதித்த பாகம், நிறம், வயலில் பரவிய விதம். கடைசியில் ஒரே பெயரைச் சொல்லி முடிக்காமல், மிஞ்சும் இரண்டு மூன்றைப் படத்தோடு அருகருகே வைத்து வேறுபாட்டைக் காட்ட வேண்டும். மஞ்சளுக்கெல்லாம் யூரியா போட்டுவிடும் பழக்கம் அப்போதுதான் குறையும். இலைக்கருகலோ புகையானோ இருக்கும் வயலில் தழைச்சத்தைக் கூட்டினால் அது பரவவே உதவும்.

மக்கள் சொல்லும் பெயர்களையும் சேர்க்க வேண்டும். நெற்பழ நோயை டெல்டாவில் ‘லட்சுமி நோய்’ என்பார்கள், நல்ல விளைச்சலுக்கு அறிகுறி என்ற நம்பிக்கையில். அந்தப் பெயரில் தேடினால் இங்கே ஒன்றுமில்லை. அந்த நம்பிக்கையோடு வருபவருக்குத்தான் அந்தப் பக்கம் மிகவும் தேவை. ஆனைக்கொம்பன் தாக்கிய குருத்து வெங்காயத் தாள் மாதிரி உருண்டு நிற்கும். ‘வெங்காயக் குருத்து’ என்று அடித்தாலும் வெள்ளைத் திரைதான்.

உள்ளே போனால் இன்னொரு குறை. எந்தப் பூச்சியைத் திறந்தாலும் முதலில் வருவது மருந்துப் பட்டியல். பொருளாதாரச் சேத நிலை, அதாவது எந்த அளவைத் தாண்டினால் மருந்து அடிக்கலாம் என்பது, எங்கோ அடியில், சிறிய எழுத்தில். அதுதான் மேலே இருக்க வேண்டும். குருத்துப்பூச்சிக்கு வளர்ச்சிப் பருவத்தில் 10 சதவீதம் குருத்துக் காய்தல், கதிர்ப் பருவத்தில் 2 சதவீதம் வெண்கதிர். இலைச்சுருட்டுப் புழுவுக்கு வளர்ச்சிப் பருவத்தில் 10 சதவீதம், பூக்கும்போது கண்ணாடி இலையில் (கதிரை ஒட்டிய கடைசி இலை) 5 சதவீதம். புகையானுக்கு, முழுக் குத்துக்கு அல்ல, அதிலுள்ள தூர்க்கிளை ஒன்றுக்கு ஒரு பூச்சி, சிலந்தி இருந்தால் இரண்டு வரை பொறுக்கலாம். இந்த அளவைத் தாண்டாமல் தெளிப்பது காசுக்கும் கேடு, சிலந்திக்கும் கேடு. ‘எண்ணிப் பார்த்தீர்களா?’ என்று கேட்டு, எண்ணும் முறையைப் படத்தோடு காட்டி, அளவைத் தாண்டினால் மட்டும் அடுத்த பக்கம் திறக்கும்படி அமைப்பது கடினமான வேலை இல்லை.

வரிசையைப் பற்றி ஒரு கேள்வி

ரகப் பட்டியலில் எது முதலில் வருகிறது? சில தேடல்களில் அகர வரிசையும் இல்லை, வயது வரிசையும் இல்லை. நிலையத்தில் கையிருப்பு உள்ள ரகங்கள்தான் மேலே வருகின்றன. அதில் தவறில்லை, வாங்க வந்தவருக்கு அது வசதியும்கூட. ஆனால் அதைத் திரையில் எழுதியிருக்க வேண்டும். கற்றுக்கொள்ள வந்தவர், மேலே இருப்பதுதான் தன் வயலுக்குப் பொருத்தமானது என்று எடுத்துக்கொள்வார். ‘கையிருப்பில் உள்ளவை முதலில்’ என்று ஒரு வரி போட்டு, ‘வயது’, ‘பெயர்’ என்று மாற்றிக்கொள்ளவும் விட்டால் சிக்கல் தீரும். தகவல் சொல்பவரும் விற்பவரும் ஒருவராகவே இருக்கும் இடத்தில் இந்த நேர்மை மிகவும் அவசியம்.

அளவைகளையும் சரிசெய்ய வேண்டும். எல்லாம் ஹெக்டேரில் இருக்கிறது. குறுகிய வயது ரகத்துக்கு 60 கிலோ, மத்திய வயதுக்கு 40, நீண்ட வயதுக்கு 30 என்ற கணக்கு அப்படியே நிற்கிறது. டெல்டாவில் பேச்சு மாவிலும் வேலியிலும் நடக்கிறது. மூன்று மா ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி. குறுகிய வயதுக்கு ஏக்கருக்கு 24 கிலோ என்றால் மாவுக்கு 8, வேலிக்கு 160. ஒரு பொத்தானில் மாற்றித் தரலாம். விளைச்சலை மூட்டையில் சொல்லும் இடத்தில் எந்த மூட்டை என்றும் சொல்ல வேண்டும். அரசு கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ, வெளியில் வியாபாரிகளிடம் பெரும்பாலும் 60 கிலோ.

வேகம் போதுமானது. தொட்டதும் பட்டியல் மாறுகிறது. ஒரு விநாடிக்கு மேல் காத்திருக்க வைத்தால் பார்ப்பவரின் சிந்தனை அறுந்துவிடும் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை. பொத்தான்கள் ஆண்ட்ராய்டு பரிந்துரைக்கும் 9 மில்லிமீட்டரைவிடப் பெரியவை. உழவு வேலை செய்த விரலுக்கு அது வேண்டும்.

தேடல் பாதையைச் சேமிக்கும் வசதி நன்றாக வந்திருக்கிறது. நூலக இயல் பேராசிரியர் மார்சியா பேட்ஸ் 1989-இலேயே சொன்னார்: தேடுபவர் ஒரே இடத்தில் எல்லாவற்றையும் எடுப்பதில்லை, புதரிலிருந்து பழம் பறிப்பது போல இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சமாகச் சேர்க்கிறார், சேர்க்கச் சேர்க்கக் கேள்வியே மாறுகிறது. இங்கே தொட்ட வடிகட்டிகள், நிறுத்திய விதைப்பு நாள், ஒப்பிட்ட மூன்று ரகம் எல்லாம் சேர்ந்து ஒரே இணைப்பாக வாட்ஸ்அப்பில் போய்விடுகிறது. வீட்டில் அண்ணனிடமோ அப்பாவிடமோ காட்டிப் பேசி, மறுநாள் அதே இடத்திலிருந்து தொடரலாம். கைபேசி எண் கேட்பதில்லை. பூச்சி நோய்ப் பகுதிக்கு இந்த வசதி இன்னும் இல்லை.

குறுவை, சம்பா ரகம் முடிவு செய்ய வருபவர் இந்தத் திரையில் தாராளமாக அரை மணி நேரம் செலவிடலாம். முதலில் விதைப்பு நாளைத் தன் வாய்க்கால் கணக்குப்படி நகர்த்திக்கொள்ள வேண்டும், பிறகு நிலம், கடைசியில் அரிசி. வரிசையை ‘வயது’ அடிப்படையில் மாற்ற முடியாததால் பட்டியலைக் கடைசி வரை உருட்டிப் பார்க்க வேண்டும். உவர் நிலக்காரர்கள் ‘உப்பு தாங்கும்’ வடிகட்டியை நம்பாமல், மண் பரிசோதனைச் சீட்டோடு வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. பூச்சி நோய்க்கு, பாதித்த தூரைப் பிடுங்கி ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துப் போய் நேரில் காட்டுவதே இப்போதைக்கு வழி.

இன்னொன்று, திரை ரகத்தைத்தான் சொல்லும், மூட்டையைச் சொல்லாது. பணம் கட்டும் முன் அட்டையைப் பார்க்க வேண்டும். சான்று விதைக்கு நீல அட்டை, சான்று விதையைப் பெருக்கப் பயன்படும் ஆதார விதைக்கு வெள்ளை, விற்பவரே தரத்துக்கு உறுதி சொல்லும் உண்மைநிலை விதைக்குப் பச்சை. நெல்லுக்கு முளைப்புத் திறன் குறைந்தது 80 சதவீதம் இருக்க வேண்டும். சான்று, பரிசோதனை செய்த நாளிலிருந்து 9 மாதம் செல்லும். அட்டையில் உள்ள குவியல் எண்ணைத் திரையில் அடித்தால் இந்த விவரங்கள் வரும்படி செய்ய நிலையத்துக்கு எந்தத் தடையும் இல்லை. அடுத்த பதிப்பில் முதலில் அதைத்தான் கேட்க வேண்டும்.